கல் யாருக்கு? கோல் குவித்தவனா, நாலே சீசன் ஆடியவனா, கோல்கீப்பரா?

கிருஷ்ணகிரியில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் ஃபுட்பால் மேனேஜர் கம்ப்யூட்டர் கேம் லீக்கில் இந்தச் சனிக்கிழமை ஹால் ஆஃப் ஃபேம், அதாவது சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் புகழ்க்கூடத்துக்கான ஓட்டெடுப்பு. எங்களுக்குள் அதற்குப் பேர் 'கல் நடுறது'. நடுகல் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு வேறு பேர் தோன்றவில்லை. இரண்டு இடம், மூன்று பேர். ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் சண்டை ஓயவில்லை. என் கட்சியை முழுதாக இங்கே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பட்டனைத் தட்டி கோல் அடிக்கிற கேம் இல்லை. நாம் மேனேஜர். யார் ஆட வேண்டும், எந்த வடிவத்தில் ஆட வேண்டும், யாரை வாங்க வேண்டும் என்று முடிவு பண்ணுவது நாம்; ஆட்டத்தை மேட்ச் இன்ஜின் ஆடிக் காட்டும். ஒவ்வொரு வருடமும் இளைஞர் அணிக்குப் புதுப் பையன்களை கேமே உருவாக்கித் தரும். நியூஜென் என்பார்கள். எங்கள் மூன்று வேட்பாளர்களும் அப்படி வந்தவர்களே. 2023 பதிப்பில் ஆரம்பித்தோம். சேமித்து வைத்த அந்த ஆட்டத்தை, அதாவது 'சேவ்' ஃபைலை, 2024 பதிப்புக்கு அப்படியே கொண்டுபோக முடிந்தது. 2025 பதிப்பை 2025 பிப்ரவரியில் ரத்து செய்துவிட்டதால் அதே சேவ்தான் தொடர்ந்தது. கேமுக்குள் பதினெட்டு ஆண்டு ஓடிவிட்டது. அந்த நீளம் இருப்பதால்தான் எங்கள் லீக்குக்கு வரலாறு என்று ஒன்று இருக்கிறது, கல் நடுகிற பேச்சும் வந்தது.

விதி எளிது. ஓய்வு பெற்று ஒரு சீசன் ஆகியிருக்க வேண்டும். தன் ஆட்டக்காரனுக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது. மீதி ஏழு பேரில் ஐந்து பேர் கை தூக்க வேண்டும்.

முதல் ஆள் 'ஒசரக்காரன்'. சென்டர் ஃபார்வர்ட். பதினைந்து சீசன் ஒரே கிளப். லீக் வரலாற்றில் அதிகக் கோல் அவனுடையது; இரண்டாம் இடத்தில் இருப்பவன் கிட்டக்கூட வரவில்லை. அவனுடைய மேனேஜர் எங்களில் மூத்தவர், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுகிறவர். "இவனுக்கே கல் இல்லைன்னா எதுக்குடா கல்லு?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

இரண்டாம் ஆள் 'மின்னல்'. இடது விங்கர், இடது ஓரத்தில் ஏறி ஆடுகிறவன். உச்சத்தில் ஆடியது நாலே சீசன். அந்த நாலில் இரண்டு முறை சீசனின் சிறந்த ஆட்டக்காரன். பிறகு முழங்கால் தசைநார் கிழிந்தது. இந்த கேமில் பெரிய காயம் பட்டால் வேகம் நிரந்தரமாகக் குறையலாம். அவனுக்குக் குறைந்தது. திரும்பி வந்து இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார்ந்தான், அப்புறம் ஓய்வு.

மூன்றாம் ஆள் ஒரு கோலி (கோல்கீப்பர்). அவன் என் அணிக்காரன். அவனைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் பேசுவேன்.

ஒசரக்காரனையும் மின்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2021-இல் தன் ஹால் ஆஃப் ஃபேமைத் திறந்தபோது முதலில் சேர்த்த இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன். ஆலன் ஷியரர் 441 ஆட்டத்தில் 260 கோல். தியரி ஹென்றி 258 ஆட்டத்தில் 175. மொத்தத்தைப் பார்த்தால் ஷியரருக்குப் பக்கத்தில் யாருமில்லை. பெனால்டியைக் கழித்துப் பாருங்கள். ஷியரரின் 260-இல் 56 பெனால்டி, ஹென்றியின் 175-இல் 23. மிச்சம் 204, 152. ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் ஷியரர் 0.46, ஹென்றி 0.59. மொத்தக் கணக்கு ஒருவரைக் காட்டுகிறது, விகிதம் இன்னொருவரைக் காட்டுகிறது. பிரீமியர் லீக் இரண்டு பேரையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டது. அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஷியரரின் கோல் வெறும் கணக்கு இல்லை; 1994-95-இல் பிளாக்பர்ன் அணிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த கோல்கள் அதில் இருக்கின்றன.

அதே கழித்தலை ஒசரக்காரனுக்குச் செய்தேன். மூன்று இரவு உட்கார்ந்து அவன் வரலாற்றுப் பக்கத்தை சீசன் சீசனாகத் திறந்தேன். அணியின் எல்லா பெனால்டியும் அவனுக்கே போயிருக்கிறது. ஆரம்ப சீசன்களில் அண்ணா முதல் போஸ்டுக்குக் கார்னர் போடும் ஒரு முறையைப் பிடித்து வைத்திருந்தார். அதை மேட்ச் இன்ஜினால் தடுக்கவே முடியவில்லை. அந்த முனையில் நின்ற யாரும் கோல் அடித்திருப்பார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து அந்த முறைக்குத் தடை போட்டோம். தடைக்குப் பின் அவன் கோல் குறைந்தது, நிற்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் வாராவாரம் முதல் பதினொன்றில் இடம் பிடிப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் லீக்கின் அதிகக் கோல் விருதை அவன் வாங்கியது ஒரே தடவை. மற்ற ஒவ்வொரு வருடமும் அவனைவிட ஒருவன் மேலே இருந்திருக்கிறான். அந்த ஒருவன் மட்டும் மாறிக்கொண்டே இருந்தான்.

எட்டு மனிதர்கள் நடத்தும் லீக்கில் இன்னொரு அளவுகோல் உண்டு. எனக்கு அதுதான் பெரிது. எதிரில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் இவனுக்காகத் தன் திட்டத்தை மாற்றினாரா?

ஒசரக்காரனுக்கு எதிராக நான் முப்பது ஆட்டமாவது ஆடியிருப்பேன். கார்னருக்கு ஒருத்தனை ஒட்டி நிற்கச் சொன்னதைத் தவிர வேறு எதையும் மாற்றியதில்லை. மின்னலுக்கு? நாலு சீசன் என் அணியின் வடிவமே அவனுக்காகத்தான். வலது பக்கம் தடுத்து ஆடும் வலது பேக்கை மேலே ஏற விடவில்லை. முன்னால் தடுப்பு மிட்ஃபீல்டர் ஒருவனை அந்தப் பக்கம் சாய்த்து நிறுத்தினேன். அவனை வலது காலுக்குத் திருப்பச் சொல்லி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறிப்புப் போட்டேன். அவ்வளவும் செய்தும் ஒரு கோப்பை இறுதி ஆட்டத்தில் எண்பதாவது நிமிடத்துக்கு மேல் என் வலது பேக்குக்கு மூச்சு வாங்கியபோது, அதே பக்கம் உள்ளே வெட்டி வந்து அடித்தான். ராயக்கோட்டை ரோட்டில் நண்பன் வீட்டு மாடியில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். தோற்ற வருத்தத்தைவிட, இப்படி ஒருத்தனை எதிரில் வைத்து ஆடக் கிடைத்ததே என்ற நினைப்புதான் அன்றைக்கு இருந்தது. மற்ற ஆறு பேரையும் கேட்டேன். மின்னலுக்காக வடிவம் மாற்றாதவர் ஒருவர்கூட இல்லை.

"நாலு சீசன் போதுமா?" என்பதுதான் அவனுக்கு எதிரான ஒரே வாதம். வேறு ஆட்டமானாலும் அமெரிக்கக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் இதை நேராகச் சந்தித்திருக்கிறது. ஒஹாயோ மாநிலம் கான்டனில் 1963-இல் திறந்த இடம் அது. கேல் சேயர்ஸ் காலில் பட்ட காயங்களால் மொத்தம் 68 ஆட்டம்தான் ஆடினார். 1977-இல் 34 வயதில் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் உள்ளே போனதில்லை. டெரல் டேவிஸ் 78 ஆட்டம். 1998-இல் ஒரே சீசனில் பந்தோடு 2,008 கெஜம் ஓடியவர், அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அவரை 2017 வரை காக்க வைத்தார்கள். ஒரே கூடம், ஏறக்குறைய ஒரே நீளமுள்ள வாழ்க்கை, இரண்டு விதத் தீர்ப்பு. டேவிஸைக் காக்க வைத்த அத்தனை வருடமும் அவர் ஓடிய தூரம் ஒரு கெஜம்கூடக் கூடவில்லை. பத்து வருடம் கழித்துத் தகுதியானவர் முதல் வருடமும் தகுதியானவர்தானே? மின்னலை "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று தள்ளுகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்.

தருமபுரி அகழ்வைப்பகத்திலும் இங்கே நம் அரசு அருங்காட்சியகத்திலும் இருக்கும் நடுகற்களில் எழுத்துள்ளவற்றைப் படித்துப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், மாடு பிடிக்கப் போய்ப் பட்டானா, மாட்டை மீட்கப் போய்ப் பட்டானா என்றுதான் இருக்கும். மொத்தம் எத்தனை சண்டை போட்டான் என்று அங்கே யாரும் எண்ணவில்லை. ஒரு செயல், அதன் இடம், அதன் காலம். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் கல்லில், விழுந்த வீரனோடு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் செதுக்கிப் பேர் எழுதியிருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது.

கோலிக்காக நான் சொல்ல நினைப்பதும் அதை ஒட்டித்தான். காவல் நின்றவனை மறப்பது எல்லாக் கூடங்களுக்கும் வழக்கம். பிரீமியர் லீக் 2021-இல் சேர்த்த எட்டுப் பேரில் கோலியும் இல்லை, டிஃபெண்டரும் இல்லை. கோலி பீட்டர் ஷ்மைக்கேல் அடுத்த வருடம்தான் உள்ளே போனார். கேமின் ரேட்டிங்கும் அப்படியே. கோல் அடித்தவனுக்கு அள்ளிக் கொடுக்கும். கோலியைப் பார்க்க வேண்டுமென்றால், வந்த ஷாட்டுகளின் தரத்துக்கு எத்தனை கோல் போயிருக்க வேண்டும், இவன் எத்தனையைத் தடுத்தான் என்ற கணக்கு கேமின் புள்ளிவிவரப் பக்கமான டேட்டா ஹப்பில் இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன். இதற்கு மேல் நான் பேசுவது முறையில்லை.

ஒரு பெரிய சண்டை பாக்கி. ஓய்வு பெற்றவர்களின் மறைந்த எண்களைத் திறந்து பார்த்துவிடலாம் என்று ஒருவன் சொன்னான். இந்த கேமில் ஒவ்வொருவனின் திறமையும் 200-க்கு ஒரு எண்ணாக உள்ளே எழுதியிருக்கும். 'நிலைத்தன்மை', 'முக்கிய ஆட்டங்கள்' என்று கண்ணுக்குத் தெரியாத பண்புகளுக்கும் 20-க்கு மதிப்பெண் உண்டு. கேமின் உள் எண்களைத் திறந்து காட்டும் எடிட்டரை வாங்கினால் எல்லாம் தெரிந்துவிடும். நிஜ உலகத்தில் எந்தத் தேர்வுக் குழுவுக்கும் கிடைக்காத வசதி இது. நான் கடுமையாக எதிர்த்தேன், இன்னும் எதிர்க்கிறேன். ஒசரக்காரனுக்கு 'முக்கிய ஆட்டங்கள்' 18 என்று வந்தால், இறுதி ஆட்டங்களில் அவன் அடிக்காத கோல் அடித்ததாக ஆகிவிடுமா? மின்னலின் திறமை நாம் நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தால், அன்று ராத்திரி என் வலது பேக்கைத் தாண்டியது தாண்டாததாக ஆகுமா? உள்ளே எழுதி வைத்தது விதை. நாங்கள் ஓட்டுப் போடுவது விளைச்சலுக்கு. இதே காரணத்தால் 'காயம் படாமல் இருந்திருந்தால்' என்று மின்னலுக்கு ஆதரவாகப் பேசுவதையும் நான் ஏற்கவில்லை. ஆடாத சீசனுக்கு மதிப்பெண் இல்லை. ஆடிய நாலே அவனுக்குப் போதும்.

என் ஓட்டு இதுதான்: மின்னலுக்கு ஆம். கோலிக்கு ஓட்டுப் போட எனக்கு உரிமை இல்லை. ஒசரக்காரனுக்கு இந்த வருடம் இல்லை.

கல் கிடைக்கிற ஒவ்வொருவனுக்கும் நாங்கள் ஒரு வரி எழுதுவோம். எந்த சீசன், எந்த அணி, எந்த ஆட்டம், என்ன செய்தான் என்று. மின்னலுக்கான வரி, அன்று தோற்றுவிட்டு பைக்கில் வீடு திரும்பும்போதே என் மனதில் இருந்தது. ஒசரக்காரனுக்கு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் கோல் எண்ணிக்கைதான் வந்தது. அண்ணாவுக்கு ஓசூரில் சனிக்கிழமை செகண்ட் ஷிஃப்ட், முடிந்து வர பதினோரு மணி ஆகும். அவர் வரும்வரை ஓட்டெடுப்பைத் தொடங்க மாட்டோம். வந்து அவனுடைய ஒரே ஒரு ஆட்டத்தைச் சொல்லட்டும், நான் கையைத் தூக்குகிறேன்.