கை ஸ்குவீசரோடு இரண்டு வருஷம்

"கை ஸ்குவீசர் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா அண்ணே?" என்று பட்டர்வொர்த் தம்பி ஒருவர் கேட்டார். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியைக் கைப்பலத்தால் அழுத்தித் தலை உருவாக்கும் கருவி அது. என்னைப் போலவே அவரும், வீட்டிலேயே கட்டும் விமானக் கிட்டின் வால் பகுதிப் பெட்டியைப் பிரித்துவிட்டாராம். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

பினாங்கு ஜெலுத்தோங்கில் டெரஸ் வீடு எனக்கு. கார் நிற்க வேண்டிய போர்ச்சில் பட்டறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆபெக், சீனப் பெரியவர், ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார், அதற்குப் பிறகு கம்ப்ரெசரைத் தொட முடியாது. இந்தக் கை ஸ்குவீசருக்குச் சத்தமே கிடையாது. வாலின் கிடைமட்ட இறக்கையான ஸ்டெபிலைசரில் கைக்கு எட்டிய ஓரத்து ரிவெட் முழுவதும் நடுராத்திரி வேலைதான். எட்டாத இடத்துக்குக் காற்றில் அடிக்கும் ரிவெட் கன், பின்னால் இரும்புக்கட்டை பிடிக்க மகள்.

குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. அழுத்தும் ஆழத்தைத் திருகி வைக்கிறோமே, அந்தப் பூட்டு நட்டு நிற்காது. 2.4 மி.மீ. ரிவெட்டை அழுத்தும்போது மறுபக்கம் உருவாகும் தலை 3.6 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. உயரம் வர வேண்டும். முதல் பத்து கச்சிதமாக வரும். பதினைந்தாவதில் தலை உயரமாக நிற்கும், அளவு பார்க்கும் கேஜ் ஒத்துக்கொள்ளாது. கைப்பிடி வழக்கத்தைவிட லேசாக மூடினால் நட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஆறு மாதம்.

எலிவேட்டரில் (ஸ்டெபிலைசருக்குப் பின்னால் மேலும் கீழும் அசையும் பகுதி) ஒருநாள் எரிச்சலில் ஒரு சுற்று கூடுதலாகத் திருகிவிட்டேன். அடுத்த மூன்று தலையும் அப்பளம்! உயரமாக நின்றால் மறுபடி அழுத்திக்கொள்ளலாம், நசுங்கினதை என்ன செய்ய? தலையின் நடுவில் துளை போட்டு, தட்டிக் கழற்ற வேண்டும். தகடோ 0.4 மி.மீ., கை நடுங்கினால் துளை அகன்றுவிடும். ஒன்று அகன்றேவிட்டது. அதில் அடுத்த அளவு ரிவெட் போட்டிருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இப்போது நட்டுக்குக் குறுக்கே மனைவியின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு விலகினால் வேலையை நிறுத்திவிடுவேன். மற்றபடி நல்ல எஃகு. இந்தக் கடல் காற்றில் ரிவெட்டை அழுத்தும் டைகளுக்குத்தான் துரு ஏறும், ராத்திரி எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும். கைப்பிடியில் இரண்டு வருஷத்தில் ஓர் ஆட்டம் இல்லை.

தம்பி, வாங்காதீங்க. காசு சேர்த்துக் கம்ப்ரெசர் காற்றில் ஓடுகிற ஸ்குவீசரையே வாங்குங்க, உங்க பக்கத்து வீடு காலிதானே.

"அப்ப உங்களுடையதைக் கொடுத்துருங்க" என்றும் கேட்டிருந்தார். அது மட்டும் நடக்காது. வாலின் சுக்கானான ரடர் இன்னும் பாதியில் கிடக்கிறது.