பாட் சேவ் அமெரிக்கா: எழுதிக் கொடுத்தவர் மைக் பிடித்தால்

பாட் சேவ் அமெரிக்கா என்ற அமெரிக்க அரசியல் பாட்காஸ்டை நடத்துகிறவர்களில் ஒருவர் ஜான் ஃபாவ்ரோ. அதே பெயரில் ஹாலிவுட் இயக்குநர் ஒருவர் இருக்கிறார், இவர் அவரில்லை. 2004-இல் பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடைக்குப் பின்னால் ஒபாமா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜனாதிபதி வேட்பாளர் கெர்ரியின் உரையிலும் இதே மாதிரி ஒரு வரி வருகிறது, உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று போய்ச் சொன்ன 23 வயதுப் பையன்தான் இவர். மறு வருஷமே அந்த ஒபாமாவிடம் வேலைக்குச் சேர்ந்து, 2009 முதல் 2013 வரை வெள்ளை மாளிகையில் தலைமை உரை எழுத்தாளராக இருந்தார்.

டிரம்ப் ஜெயித்த பிறகு, 2017 ஜனவரியில், பழைய சகாக்கள் ஜான் லவெட், டாமி வீட்டரோடு சேர்ந்து தொடங்கியதுதான் இந்த பாட்காஸ்ட். ஜனநாயகக் கட்சி சார்பை மறைப்பதே இல்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மூர் டிவி விவாதங்களில் ‘அரசியல் விமர்சகர்’ என்று பெயர்ப் பலகை போட்டுக்கொண்டு கட்சிக்காக வாதாடுகிறவர்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது எவ்வளவோ தேவலை.

யாராவது பேசிய உரையைப் பிரித்து மேய்கிறார்களே, அதுதான் இதில் உருப்படியான பகுதி. லவெட்டும் முன்னாள் உரை எழுத்தாளர் என்பதால், எந்த வரி மக்களுக்கு, எந்த வரி கட்சிக்குள் ஒருவரைச் சமாதானப்படுத்த என்று அந்தத் தொழில் தெரிந்தவர்களாகப் பேசுகிறார்கள், இதை வெறும் நிருபரிடம் எதிர்பார்க்க முடியாது.

2024 ஜூன் 27-இல் டிரம்போடு நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறியதும் அதைப் பூசி மெழுகாமல் சொல்லி, சொந்தக் கட்சிக்காரர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் பைடன் விலகி, அவருக்குப் பதில் நின்ற கமலா ஹாரிஸ் நவம்பர் தேர்தலில் தோற்ற பிறகு, பைடன் குழுவின் உள் கணிப்பிலேயே டிரம்புக்கு 400 எலக்டோரல் வாக்குகள் (ஜெயிக்க 270 போதும்) வரும் என்று இருந்ததாக ஃபாவ்ரோ சொன்னார் பாருங்கள், அங்கேதான் எரிச்சல் வந்தது, கேட்கிறவனுக்கு எல்லாம் முடிந்த பிறகுதானே தெரிகிறது! அதே மாதம் ஹாரிஸின் பிரசாரத் தலைவர்களை அழைத்து உட்காரவைத்து, ஒபாமாவிடம் வேலை பார்த்த இன்னொரு தொகுப்பாளர் டான் ஃபைஃபர் எடுத்த பேட்டியும் அப்படித்தான், பழைய ஆபீஸ் நண்பர்களிடம் கேட்கிற மாதிரி மென்மையான கேள்விகள்.

அப்புறம் விளம்பரம். தொகுப்பாளர்களே வாசிப்பதால் பேச்சு எங்கே முடிந்தது, வியாபாரம் எங்கே ஆரம்பித்தது என்பது சட்டென்று பிடிபடாது. காசு கட்டினால் விளம்பரம் இல்லாமல் கேட்கலாம், நான் கட்டவில்லை, தள்ளிவிட்டுக் கேட்கிறேன்.

வெளிநாட்டு விவகாரம் இதில் குறைவு. அதற்கு அவர்களின் இன்னொரு நிகழ்ச்சி, பாட் சேவ் த வேர்ல்ட். அதில் வீட்டரோடு பேசும் பென் ரோட்ஸ்தான் 2009-இல் ஒபாமாவின் கெய்ரோ உரையை எழுதியவர். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்திச் சிரிப்பது உங்களுக்கு ஆகாது என்றால், ஃபாவ்ரோவும் ஃபைஃபரும் மட்டும் பேசும் எபிசோடுகளில் ஆரம்பியுங்கள், வேகம் கொஞ்சம் குறைவு, விஷயம் அதிகம்.