பொதிகையை வரைய எது தோது: வாட்டர் கலரா, அக்ரிலிக்கா, ஆயிலா?

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் வயல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை மலைத்தொடர் வரிசையாக விரியும். அதைப் போட்டோ மாதிரி இல்லாமல், நிறத்தாலும் தூரிகை வீச்சாலும் சொல்லப் பழக விரும்புகிறவர்களுக்கு என் தேர்வு, தண்ணீரில் கலந்து பூசினாலும் சீக்கிரம் காய்ந்துவிடும் அக்ரிலிக்.

பள்ளிக்கூடப் பழக்கத்தால் பலரும் வாட்டர் கலரில்தான் தொடங்குகிறார்கள். சாரல் காலத்தில் மலைமேல் இறங்கும் மேகத்துக்கு அதுதான் அழகு. ஈரத்தாளில் அல்ட்ராமரைன் நீலத்தைத் தொட்டு வைத்தால் தானே பரவி ஓரம் கரைந்துவிடும். ஆனால் வெளிச்சம் விழும் இடங்களைத் தாளின் வெள்ளையாகவே முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். காய்ந்ததும் நிறம் வெளுக்கும். மேலே பூசித் திருத்துவதும் கடினம். கையை வீசிப் பழக வேண்டிய நேரத்தில் இந்தப் பயம் கையைக் கட்டிப்போடும்.

அக்ரிலிக்கில் அந்தப் பயமே வேண்டாம், காய்ந்ததும் மேலே பூசித் திருத்தலாம். காலை வெயில் கிழக்குச் சரிவில் நேராக விழும். முதலில் சரிவு முழுக்க ஊதா பூசுங்கள். காய்ந்ததும் முரட்டு மயிர்த் தட்டைத் தூரிகையால், சரிவு இறங்கும் திசையிலேயே, ஆரஞ்சை அழுத்தி இழுங்கள். இடையிடையே விட்டுப்போன ஊதாதான் ஓடைப்பள்ளங்கள். காட்டுக்கு டியூப் பச்சையை அப்படியே பூசாதீர்கள், கண்ணை உறுத்தும். அல்ட்ராமரைனோடு யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள் கலந்தால் அடங்கிய பச்சை வரும். தூரத்து மலைகளுக்கு நீலமும் வெள்ளையும் கூட்டிக்கொண்டே போங்கள்.

சிக்கல் என்னவென்றால், ஆனி ஆடிக் காற்றில் தட்டில் பிதுக்கிய வண்ணம் சில நிமிடங்களில் ஆடை கட்டிவிடும். அடியில் ஈரத்துணி விரித்து, அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்தால் நிறம் சற்றுக் கருக்கும், அதனால் ஒரு படி வெளிறலாகவே கலக்கவும். தூரிகையை உடனே கழுவாவிட்டால் அது வீண்தான்.

ஆயில் இரண்டையும்விடச் செழிப்பானது, அதில் சந்தேகமில்லை. பிரான்சில் ஓவியர் செஸான் சேன்ட் விக்டுவார் மலையை ஆயிலிலும் வாட்டர் கலரிலும் திரும்பத் திரும்ப வரைந்தார். ஆனால் காய நாள்கணக்கில் ஆகும். ஈரக் கேன்வாஸோடு பஸ் ஏறுவது பெரும்பாடு. கை பழகிய பிறகு வீட்டில் வைத்து வரையலாம்.

மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது சரிவெல்லாம் ஒரே கருநீலமாகிவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் வாட்டர் கலர் எடுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாளில் இரண்டு மூன்று பூச்சிலேயே படம் முடிந்துவிடும்.