எல்ஃபன் லீட், பெர்ஃபெக்ட் ப்ளூ: எது அதிகம் உலுக்குகிறது?

2004-இல் வந்த 13 பாக அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர் 'எல்ஃபன் லீட்'. 1997-இல் சதோஷி கோன் இயக்கிய அனிமே படம் 'பெர்ஃபெக்ட் ப்ளூ'. இரண்டும் பெரியவர்களுக்கு மட்டும்.

'எல்ஃபன் லீட்' தொடங்கிய சில நிமிடங்களிலேயே தலைகள் உருளும். ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பும் லூசி, கண்ணுக்குத் தெரியாத கைகளால் காவலர்களைப் பிய்த்துப் போடுகிறாள். தொடக்கப் பாடலோ லத்தீனில், ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ஓவியச் சாயலில் அவ்வளவு அழகு! ஆனால் நாலு பாகம் போனால் ரத்தம் தக்காளிச் சாறு மாதிரி பழகிவிடும். எனக்குப் பழகாதது, குழந்தைகள் வதைபடும் காட்சிகள்தான்.

'பெர்ஃபெக்ட் ப்ளூ'வில் கொலைகள் குறைவு. பாடகியாக இருந்து நடிகையாகும் மிமா, தான் எழுதாத தன் நாட்குறிப்பை இணையத்தில் படிக்கிறாள். கடையில் என்ன வாங்கினாள் என்பது வரை அதில் இருக்கிறது. அப்புறம் எது படப்பிடிப்பு, எது கனவு, எது நிஜம் என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. புகைப்படக்காரர் குத்திக் கொல்லப்படும்போது, குத்துவது மிமாவேதானோ என்ற சந்தேகம்தான் வயிற்றைப் பிசைகிறது. என் ஓட்டு இதற்கே.

ஒன்று மட்டும்: கதைக்குள் படமாக்கப்படும் பாலியல் வன்முறைக் காட்சி ஒன்று நீளமாக வரும். அதைத் தாங்க முடியாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.