சிகாகோவில் மூன்று பழைய ஓட்டல்கள்: உறுப்பினர் அட்டை எங்கே உதவும்?

சென்ற கோடையில் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். சிகாகோவில் என்ன பார்க்க ஆசை என்று கேட்டேன். அப்பா ஏரியைச் சொல்லவில்லை, உயரமான கட்டடங்களையும் சொல்லவில்லை. "விவேகானந்தர் பேசின இடத்துக்குக் கூட்டிட்டுப் போப்பா, அது போதும்" என்றார். அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்கள் சிலரும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி அனுப்பிவைத்த பயணம் அது. 1893 செப்டம்பர் 11-இல் சர்வசமயப் பேரவை கூடிய கட்டடம் இன்று ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அருங்காட்சியகமாக மிச்சிகன் அவென்யூவில் நிற்கிறது.

அதற்கு நடந்து போகும் தூரத்திலேயே மூன்று இரவு தங்க வேண்டும் என்று தேடியபோது மூன்று ஓட்டல்கள் தேறின. மூன்றும் நூற்றாண்டுப் பெருமை உள்ளவை, ஒவ்வொன்றும் ஒரு பெரிய நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில், அதாவது தங்குவதற்குப் பாயிண்டும் சலுகையும் தரும் திட்டத்தில், சேர்ந்தவை. பால்மர் ஹவுஸ் ஹில்டனுடையது. பிளாக்ஸ்டோன் மாரியட்டின் ஆட்டோகிராஃப் வரிசையில் வருகிறது. சிகாகோ அத்லெட்டிக் அசோசியேஷன் ஹயாட் குடும்பத்தில் இருக்கிறது. மூன்று திட்டத்திலும் நான் உறுப்பினர் என்பதால் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய ஓட்டலில் கட்டடத்துக்கு வயது அதிகம், வாசலில் உள்ள பெயர்ப்பலகைக்கு வயது குறைவு. பிளாக்ஸ்டோன் 2008-இல் ரெனசான்ஸ் என்ற பெயரில் மறுபடி திறந்தது, 2017-இல்தான் ஆட்டோகிராஃபுக்கு மாறியது. அத்லெட்டிக் அசோசியேஷனை நடத்திய டூ ரோட்ஸ் நிறுவனத்தை 2018-இல் ஹயாட் வாங்கியதால்தான் இது ஹயாட் திட்டத்துக்குள் வந்தது. பால்மர் ஹவுஸ் ஒன்றில்தான் உறவு நீண்டது. 1945-இல் கான்ராட் ஹில்டன் அதை வாங்கினார், பின்னால் உரிமை கைமாறியும் ஹில்டன் பெயர் இன்றுவரை நிற்கிறது. ஆகவே திட்டத்தின் சலுகைப் பட்டியலை மட்டும் படித்து முடிவெடுக்கக் கூடாது. அந்தச் சலுகையைக் கொடுக்க அந்தக் கட்டடத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறொரு ஊரில், நூறு வயதுக் கட்டடம் ஒன்றில், "உங்களுக்கு அப்கிரேடு கொடுத்திருக்கிறோம்" என்று சிரித்த முகத்தோடு ஒரு சாவியைத் தந்தார்கள். அறை கொஞ்சம் பெரிதுதான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர், மேலே ஏசி இயந்திரங்கள். முதலில் பதிவு செய்திருந்த சின்ன அறையே தெருவைப் பார்த்தது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து 'அப்கிரேடு' என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடுவதில்லை.

பால்மர் ஹவுஸ்

மூன்றிலும் கதை அதிகம் உள்ளது இதுதான். பாட்டர் பால்மர் என்ற வணிகர் தம் மனைவி பெர்த்தாவுக்குத் திருமணப் பரிசாக எழுப்பிய ஓட்டல் 1871 செப்டம்பர் 26-இல் திறந்தது. பதின்மூன்றே நாளில், சிகாகோ நகரத்தையே விழுங்கிய பெருந்தீயில் எரிந்துபோனது. அவர் உடனே கடன் வாங்கி மறுபடி கட்டினார். இப்போது நிற்பது அந்த இடத்தில் 1920-களில் எழுந்த கட்டடம். படியேறி லாபிக்குள் நுழைந்தால் கூரை முழுவதும் ஓவியம், லூயி பியர் ரிகால் வரைந்தவை. அம்மா கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திருமலை நாயக்கர் மகாலுக்குள் முதல் முறை போனபோதும் அப்படித்தான் நின்றார்.

பெர்த்தா பால்மர் 1893 உலகக் கண்காட்சியின் மகளிர் குழுவுக்குத் தலைவர். பெண்களுக்கான உணவுப் பெட்டியில் வைக்கத் தோதாகச் சின்ன இனிப்பு வேண்டும் என்று அவர் கேட்டதால் பிறந்ததுதான் பிரவுனி என்று ஓட்டல் சொல்லிக்கொள்கிறது. வால்நட் தூவி, மேலே ஏப்ரிகாட் பூச்சோடு இன்றும் அங்கே விற்கிறார்கள். அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான் சர்வசமயப் பேரவையும் கூடியது. நூறு ஆண்டு கழித்து, 1993-இல், அந்தப் பேரவையின் நூற்றாண்டுக் கூட்டம் நடந்தது இதே பால்மர் ஹவுஸில். இதைச் சொன்னதும் அப்பாவைப் பொறுத்தவரை தேடல் முடிந்துவிட்டது. ஆனால் பில் கட்டுவது நான் அல்லவா, ஆகவே கணக்கும் பார்த்தேன்.

இங்கே 1,641 அறைகள். மாநாடுகள் நடக்கும் ஓட்டல். இது உறுப்பினருக்கு நல்லதும் கெட்டதும். அறை கிடைப்பது எளிது, பாயிண்டில் பதிவு செய்யவும் வாய்ப்பு அதிகம். ஆனால் மாநாட்டு நாளில் வரிசையில் நிற்கும் எல்லோரும் கோல்டு, டயமண்ட் என்று உயர்ந்த உறுப்பினர் நிலைகளில்தான் இருப்பார்கள். உங்கள் கோல்டு அட்டைக்குத் தனி மரியாதை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காலை உணவு விஷயத்தில் தெளிவு வேண்டும். அமெரிக்காவில் ஹில்டன் தன் முழுச் சேவை ஓட்டல்களில் கோல்டு, டயமண்ட் உறுப்பினர்களுக்குக் கொடுத்துவந்த இலவசக் காலை உணவை 2021-இல் தினசரி உணவுத் தொகையாக மாற்றிவிட்டது. அறைக்கு இரண்டு பேர் வரை, ஓட்டலுக்குள்ளேயே செலவழிக்க வேண்டும். நகர மையத்தில் ஒரு காபி, முட்டை, ரொட்டிக்கு அது போதாமல் போகும். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சைவம் சாப்பிடும் பெற்றோர் காலையில் வாழைப்பழமும் அவலும் அறையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகையை மாலையில் காபிக்கும் பிரவுனிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பல பேருக்குத் தெரியாதது. இங்கே இரட்டைக் கட்டில் அறைகள் சிலவற்றில் இரண்டு குளியலறைகள் உண்டு. நான்கு பேர் ஒரே அறையில் தங்கி, காலை எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய வரம் வேறில்லை. எந்த உறுப்பினர் நிலையும் தேவையில்லை, அந்த அறை வகையைப் பார்த்துப் பதிவு செய்தால் போதும். என்னைக் கேட்டால் இந்த மூன்று ஓட்டல்களிலும் குடும்பத்தோடு வருபவருக்குப் பெரிய 'சலுகை' இதுதான்.

குறை என்றால், வாபாஷ் தெருப் பக்கம் உயர்மட்ட ரயில் ஓடுகிறது. தாழ்ந்த மாடியில் அந்தப் பக்க அறை வந்தால் சத்தம் கேட்கும். கட்டடத்தின் உள்முற்றத்தைப் பார்த்த அறைகளில் வெளிச்சம் குறைவு. பதிவு செய்த பிறகு போன் போட்டு, மன்றோ தெருப் பக்கம், உயர்ந்த மாடி என்று கேட்டுவையுங்கள். அதே ரயில்தான் போக்குவரத்தை எளிதாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மிட்வே விமான நிலையத்திலிருந்து வரும் ஆரஞ்சு லைன் அருகில் நிற்கும். ஓஹேரிலிருந்து வரும் புளூ லைனில் மன்றோ நிலையத்தில் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு சில நிமிட நடைதான்.

அத்லெட்டிக் அசோசியேஷன்

இது 1893-இல் திறந்த ஒரு தனியார் விளையாட்டுச் சங்கத்தின் மாளிகை. ஹென்றி ஐவ்ஸ் காப் வெனிஸ் நகர அரண்மனைச் சாயலில் வடிவமைத்தார். சங்கம் 2007-இல் மூடியது, 2015-இல் ஓட்டலாகத் திறந்தது. அறைகள் வெறும் 241. பழைய கூடைப்பந்துக் களம் அப்படியே இருக்கிறது, நீச்சல் குளம் இருந்த கூடம் இப்போது விழா அரங்கு. மேலே சிண்டீஸ் என்ற மொட்டைமாடி உணவகத்தில் நின்றால் மில்லினியம் பூங்காவும் அதற்கப்பால் ஏரியும் தெரியும். ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்கு மிக அருகில் இருப்பதும் இதுதான், ஒரே ஒரு தெரு தாண்டினால் போதும்.

திட்டத்தின் விதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹயாட்தான் முன்னால் நிற்கிறது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உச்ச நிலையான குளோபலிஸ்டுக்கு முழுக் காலை உணவு, இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு குழந்தைகளுக்கும். தொகை வரம்பு என்ற பேச்சு இல்லை. மாலை நான்கு மணிவரை அறையை வைத்துக்கொள்ளலாம். பல நகர ஓட்டல்கள் வாடகைக்கு மேல் வாங்கும் தினசரிக் கட்டணத்தைக் குளோபலிஸ்டிடம் ஹயாட் வாங்குவதில்லை. பாயிண்டில் தங்கினால் சாதாரண உறுப்பினரிடமும் வாங்குவதில்லை. எத்தனை பாயிண்ட் ஆகும் என்பதற்கு வகைவாரியான பட்டியலை வெளிப்படையாக வைத்திருப்பதும் ஹயாட்தான். மற்ற இரண்டிலும் தேதிக்குத் தேதி ஏறும், இறங்கும்.

சிக்கல் என்ன? குளோபலிஸ்ட் ஆக வருடத்துக்கு 60 இரவு. அலுவலகப் பயணம் செய்யாத குடும்பத்துக்கு இது எட்டாத உயரம். கிரெடிட் கார்டு வழியாகக் கிடைக்கும் டிஸ்கவரிஸ்ட் என்ற கீழ் நிலையில் காலை உணவு கிடையாது. ஆனால் ஒரு வழி உண்டு. ஹயாட்டில் 'கெஸ்ட் ஆஃப் ஆனர்' என்று ஒரு சலுகை இருக்கிறது, அதை வைத்திருக்கும் நண்பர் உங்கள் பதிவுக்குக் கொடுத்தால் நீங்கள் குளோபலிஸ்ட் போலவே நடத்தப்படுவீர்கள். ஊர் ஊராகச் சுற்றும் ஐடி நண்பர் யாராவது இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

பெற்றோருக்கு இது சரிப்படுமா என்று யோசித்தேன். இரவில் விளையாட்டு அறையும் மொட்டைமாடியும் களைகட்டும். ஒன்பது மணிக்குத் தூங்கப் போகிறவர்களுக்கான இடமாகத் தோன்றவில்லை. கணவன் மனைவி இருவர் மட்டும் போவதென்றால் என் கை முதலில் இங்கேதான் நீளும்.

பிளாக்ஸ்டோன்

1910-இல் பெஞ்சமின் மார்ஷல் வடிவமைத்துத் திறந்தது. 335 அறைகள். 1920-இல் குடியரசுக் கட்சித் தலைவர்கள் இங்கே ஓர் அறையில் நள்ளிரவு தாண்டிப் பேசி வாரன் ஹார்டிங்கை அதிபர் வேட்பாளராக்க ஒத்துக்கொண்டார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் அரசியல் பேரத்துக்கு 'புகை சூழ்ந்த அறை' என்று அமெரிக்கர்கள் சொல்வதற்கு வேர் இங்கேதான். 1999-இல் பாதுகாப்புக் குறைபாடுகளால் மூடப்பட்டு, பெரும் செலவில் சீரமைத்து 2008-இல் திறந்தார்கள்.

மாரியட்டில் கோல்டு வரை உள்ளவருக்குக் காலை உணவு கிடையாது. வருடத்துக்கு 50 இரவு தங்கிப் பிளாட்டினம் ஆனவர் வரவேற்புப் பரிசாகக் காலை உணவைத் தேர்ந்தெடுக்கலாம், நான்கு மணி செக்-அவுட்டும் உண்டு. நான்கு இரவுக்குப் பாயிண்ட் கொடுத்தால் ஐந்தாவது இரவு இலவசம் என்பது எல்லா உறுப்பினருக்கும் உரியது. ஹில்டனில் அதற்குக் குறைந்தது சில்வர் ஆக வேண்டும். ஆனால் பாயிண்டில் தங்கினாலும் மாரியட் ஓட்டல்கள் தினசரிக் கட்டணத்தை வாங்கலாம், மற்ற இரண்டு திட்டத்திலும் அது இல்லை. ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பத்து நிமிட நடை. அப்பாவின் முழங்காலுக்குப் போக பத்து, வர பத்து என்பது கொஞ்சம் அதிகம். பிளாட்டினம் உள்ளவருக்கு நல்ல ஓட்டல், எங்களுக்கு இந்த முறை பொருந்தவில்லை.

இனி பாயிண்ட் கணக்கு

இரவுக்கு 200 டாலர் வீதம் மூன்று இரவு, 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஹில்டனும் மாரியட்டும் டாலருக்கு 10 பாயிண்ட், ஹயாட் 5. ஆக சாதாரண உறுப்பினருக்கு முதல் இரண்டிலும் 6,000, ஹயாட்டில் 3,000. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. நான் பயன்படுத்திய அனுபவத்தில் ஹில்டன் பாயிண்ட் ஒன்று சுமார் அரை சென்ட், மாரியட் 0.7 சென்ட், ஹயாட் 1.7 சென்ட் பெறும். அப்படியானால் திரும்பி வருவது முறையே 30, 42, 51 டாலர். ஹில்டன் கோல்டுக்கு 80 சதவிகிதம் கூடுதல் பாயிண்ட் என்பதால் 30 என்பது 54 ஆகிவிடும். அமெரிக்காவில் சில கிரெடிட் கார்டுகளே ஹில்டன் கோல்டைக் கொடுத்துவிடுவதால் இது நம்மில் பலருக்கு எட்டும் நிலைதான்.

பாயிண்ட் கணக்கிடுவது வரிக்கு முந்தைய வாடகைக்கு. சிகாகோவில் ஓட்டல் வரி மட்டும் 17 சதவிகிதத்துக்கு மேல் என்பதை மறக்க வேண்டாம். 2025 மே மாதத்திலிருந்து கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையையே முன்னால் காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் விதி வந்திருக்கிறது, ஆகவே ஒப்பிடுவது முன்பைவிட எளிது. பயண ஏஜென்ட் தளங்களில் பத்து டாலர் குறைவாகத் தெரிந்தாலும் உறுப்பினராக இருப்பவர் அங்கே பதிவு செய்யாதீர்கள். பாயிண்ட் வராது, கோல்டோ பிளாட்டினமோ எதுவும் செல்லாது. நமக்கு வேண்டிய பக்கத்தைப் பார்த்த அறையைக் கேட்கும் உரிமையும் பாதி போய்விடும்.

நாங்கள் பால்மர் ஹவுஸில் இரண்டு குளியலறை அறையைப் பதிவு செய்தோம். இரண்டு இரவு முன்பு போன் செய்து உயர்ந்த மாடி கேட்டேன், பதினெட்டாம் மாடியில் கொடுத்தார்கள். அமெரிக்க ஓட்டல் அறைகளில் வெந்நீர்க் கெட்டில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே வீட்டிலிருந்தே ஒன்றை எடுத்துப்போயிருந்தோம், டிகாக்‌ஷனும் பாட்டிலில் கூடவே வந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கே அப்பா வேட்டி கட்டித் தயாராகிவிட்டார். அருங்காட்சியகம் பதினொரு மணிக்குத்தான் திறக்கும் என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்தச் சிங்கச் சிலைகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தார். அங்கிருந்து ஒன்றரைத் தெருதான் என்பதால் நானும் தடுக்கவில்லை.