'ரோசாக்' ஒன்று, ஆங்கிலத்தில் பல: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஃபேன் நின்றாலும் ரோசாக் (பழுது, கெட்டது என்பதற்கான மலாய்ச் சொல்), சட்னி ஊசினாலும் கெட்டுப்போச்சு. ஆங்கிலத்தில் சொன்னால் இரண்டுக்கும் 'ஸ்பாயில்' என்ற ஒரே சொல். கடைத்தெருப் பேச்சுக்கு ஓடும்; வாரண்டி கடிதத்தில் ஓடாது. ஆண்டுக்கணக்கில் இத்தகைய கடிதங்களைத் திருத்தியதில் தெரிந்தது: சாமான் என்றால், குறை எங்கிருந்து வந்தது என்பதை வைத்தே ஆங்கிலச் சொல் மாறுகிறது.

'டிஃபெக்டிவ்' என்றால் தயாரிப்பிலேயே குறை. 'டேமேஜ்ட்' என்றால் விழுந்தது, நனைந்தது, லோரியில் நசுங்கியது. இரண்டே மாதத்தில் மோட்டார் நின்ற வாஷிங் மெஷினுக்கு 'டேமேஜ்ட்' என்று எழுதினால், நீங்கள்தான் ஏதோ செய்துவிட்டீர்கள் என்று பதில் வரும். வாரண்டி பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்குத்தான். காரணம் தெரியாவிட்டால் 'ஃபால்டி' பத்திரம்: ஓடும், ஒழுங்காக ஓடாது. சுவிட்ச், வயரிங்குக்கு இதுவே பொருத்தம். உடைந்தாலோ அடியோடு நின்றாலோ 'புரோக்கன்'. லிஃப்டில் தொங்கும் 'அவுட் ஆஃப் ஆர்டர்' பொது இயந்திரங்களுக்கானது. வீட்டு ரைஸ் குக்கருக்குப் போட்டால் விறைப்பாக இருக்கும்.

'மை ஃபேன் இஸ் ஸ்பாயில்' என்பதில் இரட்டைப் பிழை. ஸ்பாயில் வினைச்சொல், பெயரடை 'ஸ்பாயில்ட்'. அதுவும் சாப்பாட்டுக்கு, செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளைக்கு, செல்லாத வாக்குக்கு. செல்லாத வாக்கு மலாயில் 'உண்டி ரோசாக்', ஆங்கிலத்தில் 'ஸ்பாயில்ட் வோட்': ரோசாக் அச்சாகப் பொருந்தும் இடம் இது.

சாப்பாட்டில் நம் தமிழே வழிகாட்டும், 'கெட்டுப்போச்சு' என்று பூசி மெழுகாமல் இருந்தால். நமுத்த பிஸ்கட், காய்ந்த ரொட்டி 'ஸ்டேல்'. தின்றால் கெடுதல் இல்லை, ருசிதான் போச்சு. சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய், நெய், முறுக்கு 'ரான்சிட்'. கொழுப்பு இல்லாத பண்டத்துக்கு அது வராது. பால், மீன், கறி ஊசினால் 'ஆஃப்'. 'த ஃபிஷ் இஸ் ஆஃப்' என்று பின்னால்தான் வரும், 'ஆஃப் ஃபிஷ்' என்று முன்னால் வைப்பதில்லை. அழுகியது 'ரோட்டன்'.

செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைத் தரம் பிரிப்பில் இன்னும் கறார். பழம் உதிர்ந்த குழி ஒன்றுகூட இல்லாத கருங்குலை 'அன்ரைப்'. குழி இருந்தும் பத்துக்குக் குறைந்தால் 'அன்டர்ரைப்'. பாதிக்கு மேல் உதிர்ந்தது 'ஓவர்ரைப்'. கறுத்துப் பூசணம் பிடித்தால்தான் 'ரோட்டன்'. உதிரி அதிகம் என்பதற்காக ஓவர்ரைப் குலையை ரோட்டன் என்று சீட்டில் எழுதக்கூடாது.