540 நாள் விதியை நீக்க இரண்டு வழிகள்: தீர்மானமா, புது விதியா?

அமெரிக்காவில் வேலை அனுமதி அட்டையை உரிய காலத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்தால், பழைய அட்டை தானாக 540 நாள் வரை நீளும் என்று 2024 டிசம்பரில் ஒரு விதி வந்தது. முன்பு நிரந்தர வரம்பு 180 நாள்தான். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது) வேலை பார்க்கும் நம் பெண்கள் பலருக்கும் இது பெரிய ஆறுதலாக இருந்தது.

2025 ஜனவரியிலேயே செனட்டர் ஜான் கென்னடி இதை ரத்து செய்ய ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுத் துறைகளின் விதிகளை நாடாளுமன்றம் ரத்து செய்ய வழிதரும் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு செனட்டில் சாதாரணப் பெரும்பான்மை போதும், வழக்கமாக விவாதத்தை முடிக்க வேண்டிய 60 வாக்கு தேவையில்லை. ஆனால் பிரதிநிதிகள் சபையும் ஒப்பி, அதிபரும் கையெழுத்திட வேண்டும். நிறைவேறியிருந்தால் பழைய 180 நாள் திரும்பியிருக்கும், ஆனால் அதே மாதிரி விதியை, நாடாளுமன்றம் புதுச் சட்டம் போடாமல், எந்த அரசும் மறுபடி கொண்டுவர முடியாது. எனக்குப் பயம் தந்தது இந்தப் பூட்டுதான்.

சரி, நடந்தது வேறு. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே 2025 அக்டோபர் 30 அன்று இடைக்கால விதி ஒன்றை வெளியிட்டு, அன்று முதல் வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தானியங்கி நீட்டிப்பையே எடுத்துவிட்டது. மக்கள் கருத்தைக் கேட்டது அப்புறம்தான். 180 நாள்கூட மிஞ்சவில்லை, புது அட்டை வருமுன் பழையது காலாவதியானால் அத்தோடு வேலையை நிறுத்த வேண்டும், இது அநியாயம். ஆனாலும் இந்த வழியில் வந்ததை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம், அடுத்து வரும் அரசு மாற்றலாம்.